படிகக் கல்லும் பழுத்த அனுபவமும்

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரத்தை அடைகிறவர்களை முதலில் வரவேற்பது உளியோசை. சிற்பக் கூடங்களை அடுத்த கடைகளில், கருங்கற் சிலைகளுக்கு நடுவே படிக மாலைகளும், மெருகிட்ட வண்ணக் கற்களும், கூர்முனை கொண்ட படிகத் துண்டுகளும் பரப்பி வைக்கப்பட்டிருக்கும். முன்பு இவை பயணத்தின் நினைவாகவோ வழிபாட்டிற்காகவோ வாங்கப்பட்டன. இப்பொழுது கல்லோடு ஒரு கோட்பாடும் சேர்ந்து வருகிறது. படிகத்தில் ஆற்றல் உறைந்துள்ளது. அதனை உடலின் இன்னின்ன இடங்களில் வைத்தால் தடைப்பட்ட உயிராற்றல் சீராகும். ஆற்றல் குறைந்த கல்லை நிலவொளியில் வைத்து மீண்டும் நிரப்பலாம் என்பன அதன் கூறுகள். நம் சபை மக்களிலும் சிலர் இதனை நாடுகின்றனர் என்பதை ஆயர் பணியில் உள்ளோர் அறிவர்.

புதிதாக இதில் நுழைவோரை எச்சரிக்கும் எழுத்துகளுக்குக் குறைவில்லை. நாம் இங்கு ஆராய விரும்புவது வேறு. பல ஆண்டுகள் இதில் பழகித் தேர்ந்தவர்களிடம் நிலைத்துவிட்ட தவறான எண்ணங்கள் சில உண்டு. பல ஆண்டுகள் ஆயர் பணியில் தேர்ந்த நம்மிடமும் இப்பொருள் பற்றிய தவறான எண்ணங்கள் உண்டு. இரண்டிற்கும் வேர் ஒன்றே: நீண்ட அனுபவம் தன்னளவிலேயே சான்றாகிவிடும் என்னும் நம்பிக்கை. சோதிக்கப்படாத அனுபவம், எத்தனை ஆண்டுகள் நீண்டாலும், சான்றாகாது என்பதே நமது துணிபு.

1. சொல்லும் பொருளும்

பேச்சு வழக்கில் படிகம், ஸ்படிகம், பளிங்கு, கிரிஸ்டல் ஆகிய சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்குகின்றன. வெளிப்படுத்தின விசேஷம் 22ஆம் அதிகாரத்தில் ஜீவ நதியின் தெளிவைக் குறிக்க நம் மொழிபெயர்ப்பாளர்கள் ‘பளிங்கு’ என்னும் சொல்லையே எடுத்தாண்டனர். ஆயினும் இன்று நாம் தரைக்கு இடும் பளிங்கு, சுண்ணாம்புக் கல் மாற்றமுற்று உருவான வேறொரு கல். ஸ்படிகம் எனப்படுவது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த குவார்ட்ஸ் கனிமம். மோஸ் கடின அளவையில் குவார்ட்ஸின் எண் 7; பளிங்கின் முதன்மைக் கனிமமாகிய கால்சைட்டின் எண் 3.

அறிவியல் வழக்கில், அணுக்கள் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்ட எந்தத் திண்பொருளும் படிகமே. அவ்வாறாயின் மரக்காணத்து உப்பளங்களில் விளையும் உப்பும், கடையில் நிறுத்து வாங்கும் கற்கண்டும் படிகங்கள்தாம். கருங்கல்லிலும் கடற்கரை மணலிலும் குவார்ட்ஸ் மலிந்து கிடக்கிறது. ஆனால் கண்ணாடி படிகமன்று. அதன் அணுக்களுக்கு அத்தகைய ஒழுங்கில்லை. இக்கடற்கரையில் இன்னும் தெற்கே, ஆரோவில்லின் மாத்ரிமந்திரில் உள்ள 70 சென்டிமீட்டர் விட்டமுடைய கோளத்தைப் பலர் படிகம் என்றே அழைக்கின்றனர். அது ஜெர்மனி நாட்டு சைஸ் நிறுவனம் செய்தளித்த ஒளியியற் கண்ணாடி. ஒளியை ஏந்தி மனத்தை ஒருமுகப்படுத்தும் சின்னமாக அது அங்கு அமைந்துள்ளது. அதில் குறை காண்பது நம் நோக்கமன்று. எனினும், படிகத்தின் அணு ஒழுங்கே குணமாக்கும் ஆற்றலுக்குக் காரணம் என்போர் அக்கோளத்தைத் தமக்குச் சான்றாகக் காட்ட இயலாது.

அணு ஒழுங்கைப் பற்றிய இவ்வறிவுக்கு வித்திட்டோருள் திருப்பணியாளரும் உளர் என்பதை நம் மாணவர்கள் அறிவது நன்று. எந்தக் குவார்ட்ஸ் படிகத்தை எடுத்தாலும் அதன் ஒத்த முகங்களுக்கு இடையிலுள்ள கோணம் மாறுவதில்லை என்பதை 1669இல் எடுத்துக்காட்டிய நிக்கோலாஸ் ஸ்டெனோ பின்னர் கத்தோலிக்கப் பேராயரானார். படிகவியலின் தந்தை எனப் போற்றப்படும் ரெனே ஜுஸ்த் அயுயியும் ஒரு குருவே. படைப்பின் ஒழுங்கை அளந்து பார்ப்பது இறைப்பற்றுக்கு மாறானது என்று அவர்கள் கருதவில்லை.

2. ஆற்றல் என்னும் சொல்லின் மயக்கம்

தேர்ந்த பயிற்சியாளர்கள் தமக்குத் துணையாக முதலில் அழைப்பது இயற்பியலை. குவார்ட்ஸை அழுத்தினால் அதன் முகங்களில் மின்னூட்டம் தோன்றும் என்பதைப் பியேர் கியூரியும் அவர் தமையனார் ஜாக்கும் 1880இல் கண்டறிந்தனர். கைக்கடிகாரத்தில் இன்று குவார்ட்ஸ் இடம்பெறுவதற்கு அடிப்படை இதுவே. இச்செய்தி உண்மை. இதிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் பிழை. அழுத்துகிறவன் செலவிடும் ஆற்றலின் ஒரு சிறு பகுதியையே கல் மின்னாக மாற்றித் தருகிறது. தானாக எதையும் தருவதில்லை. கடிகாரத்தின் குவார்ட்ஸ் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது என்றால், அவ்வாறு அதிரச் செய்வது மின்கலம். மின்கலம் தீர்ந்தால் கடிகாரம் நின்றுவிடும். நிலவொளியில் வைத்தாலும் ஓடாது.

மாமல்லபுரத்திற்குச் சற்றுத் தெற்கே கல்பாக்கம் இருக்கிறது. 1984இல் அங்குள்ள அணுமின் நிலையத்தின் முதல் அலகு வணிக முறையில் மின்சாரம் தரத் தொடங்கியது. அங்கே ஆற்றல் என்னும் சொல்லுக்கு அலகு உண்டு, அளவு உண்டு, கணக்கு உண்டு. தவறினால் பொறுப்பேற்போரும் உண்டு. படிகச் சிகிச்சையில் அதே சொல், அளவும் அலகும் இன்றி வழங்குகிறது. அகவாழ்வின் ஊக்கத்தைக் குறிக்க உருவகமாக அச்சொல்லை ஆளுவதில் தவறில்லை. உருவகமாகத் தொடங்கிய சொல்லுக்கு இடையிலே இயற்பியலின் மதிப்பை இரவல் வாங்குவதே தவறு.

3. தொன்மை என்னும் சான்று

இது நம் முன்னோர் கண்ட பழம்பெரும் அறிவு என்பது அடுத்த வாதம். தமிழகத்தில் மணிக்கல் தொழில் தொன்மையானது என்பதில் ஐயமில்லை. கொடுமணல் அகழாய்வில் குவார்ட்ஸ், பெரில் முதலிய கற்களில் மணி செய்த தடயங்கள் கிடைத்துள்ளன. அரிக்கமேடும் மணித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. ஒன்பது மணிகளை ஒன்பது கோள்களோடு இணைக்கும் மரபும் பழமையானது. சிதம்பரத்திலும் இராமேசுவரத்திலும் படிக இலிங்கத்திற்கு வழிபாடு நடைபெறுகிறது. ஆனால் சைவ அன்பர் படிக இலிங்கத்தின் முன் நிற்பது இறைவனை வழிபட. கல்லிலிருந்து ஆற்றலை இறக்கிக்கொள்ள அன்று. அவருடைய பக்தியையும் கடைக்காரரின் விளக்கத்தையும் ஒன்றாக எண்ணுவது அண்டை அயலாரின் சமயத்திற்கு நாம் இழைக்கும் அநீதி.

இன்று விற்கப்படும் அட்டவணையோ புதியது. ஏழு சக்கரங்களுக்கு வானவில்லின் ஏழு நிறங்களை வரிசையாக ஒதுக்கி, நிறத்திற்கொரு கல் வைக்கும் முறை 20ஆம் நூற்றாண்டில் மேலை நாடுகளில் உருப்பெற்றது. 16ஆம் நூற்றாண்டில் பூர்ணானந்தர் இயற்றிய ஷட்சக்கர நிரூபணம் சக்கரங்களுக்குக் கூறும் நிறங்கள் வானவில் வரிசையோடு பொருந்துவதில்லை. பிறந்த மாதத்திற்கொரு கல் என்று இன்று பரவலாக வழங்கும் பட்டியலும் 1912இல் அமெரிக்க நகை வணிகர் சங்கம் ஒழுங்குபடுத்தியதே. நவமணிகளுள் முத்தும் பவளமும் கடல்வாழ் உயிர்கள் உருவாக்குபவை; ஸ்படிகமோ அந்த ஒன்பதில் இல்லை. ஆகவே பல ஊர்களின், பல காலங்களின் துணுக்குகளை ஒன்றாகத் தைத்து, அதற்குத் தொன்மை என்று பெயரிட்டிருக்கின்றனர். தொன்மையே ஆயினும் அது உண்மைக்குச் சான்றாகாது என்பது வேறு.

4. “என் கை உணர்கிறது”

மேற்சொன்ன வாதங்கள் தளர்ந்தாலும் அனுபவசாலி கலங்குவதில்லை. ‘நூலில் என்ன எழுதியிருந்தாலும், இத்தனை ஆண்டுகளாக என் கை உணர்கிறது, வந்தவர்கள் நலம் பெற்றார்கள்’ என்பார். இதுவே மிக வலிய வாதம். நாமும் இதனை மதித்தே ஆராய வேண்டும்.

இலண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலர் கிறிஸ்டோபர் பிரெஞ்ச் தம் குழுவினரோடு நடத்திய ஆய்வு ஒன்றினை 2001இல் பிரித்தானிய உளவியல் கழக மாநாட்டில் எடுத்துரைத்தார். அதில் 80 பேர் பங்குபெற்றனர். சிலர் கையில் உண்மையான படிகமும் மற்றோர் கையில் போலியும் தரப்பட்டன. எது எவருக்கு என்பது அவர்களுக்குத் தெரியாது. கையில் வெப்பம், துடிப்பு, மன அமைதி போன்றவற்றை உணர்ந்ததாகப் பெரும்பாலோர் கூறினர். எதையும் உணராதவர் 6 பேரே. ஆயினும் உண்மைக் கல்லை ஏந்தியோர்க்கும் போலியை ஏந்தியோர்க்கும் வேறுபாடு தென்படவில்லை. இன்னின்னவாறு உணரலாம் என்று முன்னரே குறிப்புக் கொடுக்கப்பட்டோர் மிகுதியாக உணர்ந்தனர். உணர்வு பொய்யன்று, உணர்வுக்குக் கற்பிக்கப்பட்ட காரணமே பொருந்தவில்லை.

இன்னொரு வழியாகவும் இதனைச் சிந்திக்கலாம். ஒகுஸ்த் வெர்னோயி என்னும் பிரெஞ்சு வேதியியலர் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை 1902இல் வெளியிட்டார். நம் திருச்சிராப்பள்ளி வட்டாரம் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டுவதில் நெடுநாள் பெயர் பெற்றது. இயற்கை மாணிக்கமும் செயற்கை மாணிக்கமும் வேதியியல் அமைப்பில் ஒன்றே. அவற்றைப் பிரித்தறிய உருப்பெருக்கி வேண்டும். பிரித்தறிந்து சொல்வது கருவியே. ஆற்றலை உணரும் கை அன்று.

நலம் பெற்றோரைப் பற்றியும் ஒரு சொல். பல நோய்கள் தாமாகவே தணிவன. பல வேதனைகள் ஏறியிறங்குவன. வேதனை உச்சத்தில் இருக்கும்போதுதான் மக்கள் உதவி தேடுகின்றனர். அதன்பின் அது தணிவது இயல்பு. நலமடைந்தவர் நன்றி கூறத் திரும்புவார். அடையாதவர் வேறிடம் தேடிச் செல்வார். திரும்பி வந்தோரை மட்டும் எண்ணும் கணக்கில் ஆண்டுகள் கூடக் கூட உறுதியும் கூடும், உண்மை கூடாது.

5. “தீங்கில்லாதது தானே”

பயனில்லாவிடினும் தீங்கில்லை என்போர் உளர். இரண்டு தீங்குகள் கண்முன் நிற்கின்றன. நீரிழிவுக்கோ காசநோய்க்கோ மருந்துண்பவர், கல்லை நம்பி மருந்தை நிறுத்துவது முதலாவது. இரண்டாவது பெரும்பாலும் மறைந்து கிடப்பது. கல்லை அறுத்து மெருகிடும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோயை உண்டாக்குகிறது. அத்தூசி புற்றுநோய்க்கும் காரணமாகும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் வகைப்படுத்தியது. குஜராத் மாநிலம் காம்பாத்தில் அகேட் கற்களைத் தீட்டும் தொழிலாளரிடையே இந்நோய் நெடுங்காலமாக அறியப்பட்டது. அகேட் என்பது குவார்ட்ஸின் ஒரு வகையே. ஒருவர் நெஞ்சின் மீது அமைதிக்காக வைக்கப்படும் கல், மற்றொருவர் நெஞ்சைத் துளைத்து வந்திருக்கக் கூடும். கல்லில் குணமாக்கும் ஆற்றல் உண்டெனில், நாள்முழுதும் அதனோடு வாழும் கல்தச்சரும் குவாரித் தொழிலாளருமே அதற்கு முதற்சான்றாக வேண்டும். செங்கல்பட்டு வட்டாரத்தில் கல்லுடைத்து வாழும் குடும்பங்கள் நம் சபைகளிலும் உண்டு. அவர்களுடைய இருமலே நாம் கேட்க வேண்டிய சான்று.

6. நம்மவர் எண்ணங்கள்

இனி நம் பக்கம் திரும்புவோம். முதலாவது, திருமறையே கற்களின் ஆற்றலுக்குச் சான்று பகர்கிறது என்னும் எண்ணம். யாத்திராகமம் 28இல் ஆரோனின் மார்ப்பதக்கத்தில் 12 கற்கள் பதிக்கப்படுகின்றன. ஆனால் ஒவ்வொரு கல்லிலும் ஒரு கோத்திரத்தின் பெயர் வெட்டப்பட்டது. ஆசாரியன் மக்களைத் தன் இருதயத்தின்மேல் சுமந்து தேவ சமுகத்தில் நிற்பதற்கான நினைவுக்குறி அது. கல்லின் சிறப்பு அதில் எழுதப்பட்ட பெயரால் வந்தது. யோபு 28ஆம் அதிகாரமோ, பூமியைக் குடைந்து மணிகளைத் தேடும் மனிதனின் திறமையை வியந்துவிட்டு, ஞானத்திற்கு அவை ஈடாகா என்று முடிக்கிறது. திருச்சபை வரலாற்றிலும் இம்மயக்கம் நேர்ந்துள்ளது. 1123இல் மறைந்த ரென் நகரப் பேராயர் மார்போட், கற்களின் மருத்துவ குணங்களைச் செய்யுளாகவே பாடி வைத்தார். பேராயர் பாடினார் என்பதால் அது மருத்துவமாகிவிடவில்லை.

இரண்டாவது, கல்லினுள் தீய ஆவி குடியிருக்கிறது என்னும் எண்ணம். கல்லுக்கு நல்லாற்றல் உண்டு என்பவரும் தீயாற்றல் உண்டு என்பவரும் கல்லுக்கு ஆற்றல் உண்டென்பதில் ஒன்றுபடுகின்றனர். விக்கிரகம் ஒன்றுமில்லை என்று 1 கொரிந்தியர் 8இல் பவுல் துணிந்து கூறி, பலவீனமான மனச்சாட்சியைக் காக்கும் கடமையையும் உடன் வைத்தார். எபேசுவில் மாய வித்தை நூல்கள் எரிக்கப்பட்டதைச் சுட்டி, வீடு வீடாகச் சென்று மாலைகளைக் கழற்றுவோர் அப்போஸ்தலர் நடபடிகள் 19ஐ மீண்டும் படிப்பது நலம். அந்நூல்களை உடையவர்களே மனம்மாறிக் கொண்டுவந்தனர். பவுல் எவர் வீட்டிலும் புகுந்து பறிக்கவில்லை.

மூன்றாவது, நம்முடையது வேறு என்னும் எண்ணம். ஜெபித்த எண்ணெய்க் குப்பியும், ஜெபித்த கைக்குட்டையும், குணமடைந்தோர் சாட்சிகளைத் தொகுத்த துண்டறிக்கையும் கல்லைவிட எவ்வகையில் வேறுபட்டன என்று சபைக்கு வெளியே உள்ளவர் கேட்டால் நம் விடை என்ன? மோசே உயர்த்திய வெண்கலச் சர்ப்பம் தேவ கட்டளையால் ஆனது. மெய்யாகவே மக்கள் பிழைத்தனர். அதற்கே தூபம் காட்டப்பட்டபோது எசேக்கியா அதனை உடைத்தான். 2 இராஜாக்கள் 18 அதனைக் குற்றமாகக் கூறாமல் அவனுக்குப் புகழாகக் கூறுகிறது. நம் நாட்டில் 1954இல் இயற்றப்பட்ட மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம், தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அதனைப் பிறர் விளம்பரத்திற்கு மட்டும் பொருத்திப் பார்த்து, நம் சுவரொட்டிக்குப் பொருத்தாமல் விடுவது நேர்மையாகாது.

7. திருமணி கற்பிக்கும் பாடம்

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் ஸ்காத்லாந்து மிஷனின் பணியோடு வளர்ந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவ நிலையம் இருந்தது. அக்காலத்தில் தொழுநோய்க்கு நீரடிமுத்து எண்ணெயும் அதன் இனத்து எண்ணெய்களுமே உலகெங்கும் கைக்கொள்ளப்பட்டன. அனுபவம் மிகுந்த மருத்துவர்கள், மிஷன் மருத்துவர் உட்பட, அவற்றை ஊசி வழியே செலுத்தினர். நலம் கண்டதாகவும் எழுதினர். 1941இல் அமெரிக்காவின் கார்வில் நகரில் சல்போன் மருந்து சோதிக்கப்பட்டது. 1940களிலேயே செங்கல்பட்டில் மருத்துவர் இராபர்ட் காக்ரேன் சல்போன்களைக் கையாண்டு, கவனமாகப் பதிவு செய்தார். விளைவு தெளிவானபோது பழைய எண்ணெய் கைவிடப்பட்டது. அந்நிலையம் 1955இல் மத்திய அரசின் தொழுநோய் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. பின்னர் அச்சல்போனுக்கும் கிருமிகள் பணியாத நிலை தோன்றவே, 1981இல் கூடிய உலகச் சுகாதார நிறுவன ஆய்வுக்குழு பல மருந்துகளைச் சேர்த்தளிக்கும் முறையைப் பரிந்துரைத்தது.

அவ்வெண்ணெயை அளித்தவர்கள் ஏமாற்றுக்காரர் அல்லர். அவர்களிடம் அன்பும் இருந்தது, அனுபவமும் இருந்தது, ஜெபமும் இருந்தது. தங்கள் அனுபவத்தைச் சோதனைக்கு உட்படுத்தியதே அவர்களை நோயாளிக்கு உண்மையுள்ளவர்களாக்கிற்று. எல்லாவற்றையும் சோதித்தறியும்படி தெசலோனிக்கேய சபைக்கு எழுதப்பட்ட கட்டளை மருத்துவமனையில் இவ்வாறு நிறைவேறிற்று. படிகப் பயிற்சியாளரிடம் நாம் கேட்க வேண்டியதும் இதுவே. கேட்பதற்கு முன் நாம் செய்ய வேண்டியதும் இதுவே.

8. பணியில் செய்ய வேண்டுவன

மக்கள் ஏன் அங்குச் செல்கின்றனர் என்பதை எண்ணிப் பார்க்காத விமர்சனம் பயன் தராது. அங்கே ஒருவர் ஒரு மணி நேரம் அவர்களுக்காக ஒதுக்குகிறார். படுக்க வைத்து, அமைதியாக்கி, அவர்கள் சொல்வதை இடைமறிக்காமல் கேட்கிறார். நம் ஆயர் இல்லத்தில் அவர்களுக்குக் கிடைப்பதோ வாசற்படியில் ஒரு சிறு ஜெபம். அங்கே கிடைக்கும் ஆறுதல் உண்மையானது. அது கல்லிலிருந்து வருவதன்று, கவனத்திலிருந்து வருவது. அக்கவனத்தைத் தருவது நம் அழைப்பின் பகுதி.

ஆகவே, கல்லணிந்து வருபவரைப் பரிகசியாமல், எந்த வேதனை அவரை அங்குக் கொண்டுசென்றது என்று முதலில் கேட்போம். அவர் மருந்தை நிறுத்தியிருக்கிறாரா என்று விசாரித்து, மருத்துவரிடம் திரும்ப அனுப்புவோம். நோயுற்றோர்க்காக ஜெபிப்போம், எண்ணெய் பூசும் யாக்கோபு நிருபத்தின் வழக்கத்தைக் கைக்கொள்வோர் அதனை விலைபொருளாக்காதிருப்போம். குணமடைந்தோரின் சாட்சியைக் கேட்கும் கூட்டத்திலேயே குணமடையாதோரின் பெயரையும் சொல்லி அவர்களைத் தாங்குவோம். கல்லுடைக்கும் சபையாருக்கு முகக்கவசமும் மார்பு நோய்ப் பரிசோதனையும் கிடைக்க முயல்வோம்.

நம் ஆண்டவர் தம் சீடரை மாணிக்கத்திற்கு ஒப்பிடவில்லை, உப்புக்கு ஒப்பிட்டார். அதுவும் ஒரு படிகமே. விலை மலிந்தது, எவர் வீட்டிலும் உள்ளது, கரைந்தால்தான் பயன்படுவது. இக்கடற்கரையில் ஊழியம் செய்யும் நமக்கு அந்த ஒப்புமை போதுமானது.